அண்ணி அழவில்லை

1

இந்தக் கதை திருட்டில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கையும் களவுமாகப் பிடித்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

என் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை முடிந்து, வாரா வாரம் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சமயம். ஆறாவது வாரம் அண்ணனுக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு நான் போனேன். சாய்வு நாற்காலியில் படுத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணி. கையில் ஊசி, மேலே மருந்துப் பை. இரண்டு கன்னங்களிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை, விசும்பல் இல்லை, ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்தேன்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"அப்ப கைய விடு. ஊசி போட்ட கை."

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அது இப்படித் தொடங்கியது:

‘அவள் விழிகளில் ஒரு சமுத்திரம் தன் கரைகளை மறந்து—’

[போதும். மிச்சத்தை உங்களுக்குக் காட்ட எனக்கே கூச்சமாக இருக்கிறது. சமுத்திரத்துக்குப் பிறகு மெழுகுவர்த்தி ஒன்றும் வரும்.]

ஒரு மாதம் அதைத் தட்டிக்கொட்டி, போன மாதம் அண்ணிக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை போன் வந்தது.

"என்ன எழுத்தாளரம்மா, யாரு இந்த அழுமூஞ்சி?"

"அண்ணி, அது வந்து..."

"கண்ணுக்கு ரெஸ்ட் குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதனால போனையே படிக்கச் சொன்னேன். அந்த மெஷின் பொம்பள கொரல்ல எல்லாத்தையும் கேட்டேன். நாப்பத்தோரு தடவ கண்ணீர்னு வருது. எண்ணிக்கிட்டே இருந்தேன்."

"நீங்க அழுதத நான் பாத்தேன் அண்ணி."

"நான் எப்பம்மா அழுதேன்? அது கண்ணீர் இல்ல, தண்ணி. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத உன்னையெல்லாம் எவன் எழுத விட்டான்?"

மூன்றாம் நாள் நேரில் போனேன். "சரி, நடந்தத நீங்களே சொல்லுங்க. அப்படியே எழுதறேன்" என்றேன். "அப்படியே எழுதுவியா, இல்ல நடுவுல மெழுகுவர்த்தி வருமா?" என்று கேட்டார். வராது என்று வாக்குக் கொடுத்தேன்.

2

அண்ணி யார் என்று சொல்லிவிடுகிறேன்.

வீட்டுச் சாமான்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், புகார் கவுண்ட்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவர். ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் ஆடுகிறது, ஃபேன் கத்துகிறது என்று வருகிற அத்தனை பேரும் முதலில் கத்துவது அவரிடம்தான். ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் ‘கறார்’. ‘கறார் மேடம் சாப்பிடப் போயிருக்காங்க, அதுக்குள்ள ஓடி வாங்க’ என்று தெரிந்த வாடிக்கையாளர்களுக்குச் சக ஊழியர்களே போன் போடுவார்களாம். வாரண்ட்டி முடிந்து ஒரே ஒரு நாள் ஆகியிருந்தாலும் முடிந்தது முடிந்ததுதான் என்பார். பில் இல்லாமல் வந்தவர் குட்டிக்கரணம் அடித்தாலும் எடுபடாது.

நோய் இன்னது என்று சொன்ன அன்றைக்கும் அப்படித்தான். டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கி, "ஏதாவது கேக்கணுமா?" என்றிருக்கிறார். அண்ணி கேட்டது: "சரி பண்ணா எத்தன வருஷம் வாரண்ட்டி?"

டாக்டரம்மா சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் அழுதான்.*

* அண்ணனுக்கு ‘ன்’, அண்ணிக்கு ‘ர்’. எங்கள் வீட்டில் மரியாதை இப்படித்தான் பங்கிடப்பட்டிருக்கிறது. அண்ணன் எலக்ட்ரீஷியன். ஆறடி ஆள், கம்பத்தில் ஏறினால் இறங்க மனசு வராது. ஆனால் டிவியில் சோப்பு விளம்பரத்தில் குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தாலே மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிடுவான். குடும்பத்து அழுகை மொத்தத்தையும் அவனே குத்தகைக்கு எடுத்திருப்பதால் அண்ணிக்கு அந்த வேலை பாக்கி இருந்ததில்லை.

முடி கொட்டியபோது தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மருந்து ஏற்றும் நாளும் அதற்கு மறுநாளும் லீவு, மற்ற நாள் கவுண்ட்டர். இமை முடியும் புருவமும் கொட்டின. புருவத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டார். ஐந்தாவது வாரம் கண்ணிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது. தூசு என்று நினைத்தார். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாள் நிற்கவே இல்லை.

3

இந்தப் பகுதியை நான் சோகமாக எழுத முயன்று தோற்றேன். முயற்சிகள் இதோ:

‘கவுண்ட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் மௌனமாக—’

‘யாருக்கும் தெரியாத வலியொன்று அவளுடைய—’

அண்ணி குறுக்கிட்டார். "அந்த ரெண்டு வாரம் மாதிரி ஆபீஸ்ல நான் சந்தோஷமா இருந்ததே இல்ல. அத எழுது."

நடந்தது இதுதான். மூன்றாவது முறையாகப் பழுதான ஃப்ரிட்ஜுக்காக ஒருவர் வந்தார். வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். டோக்கன் எடுக்கவில்லை, வரிசையில் நிற்கவில்லை. நேராகக் கவுண்ட்டருக்கு வந்து மேஜையைத் தட்டி, "மனுஷங்களா நீங்கல்லாம்?" என்றார். அண்ணி நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் பொலபொலவென்று இறங்கியது.

அந்த மனிதர் தட்டிய கையை அப்படியே மேஜையில் வைத்தபடி நின்றார். பிறகு அந்தக் கையாலேயே மேஜையைத் துடைத்துவிட்டார்.

"மேடம்... நான் உங்கள சொல்லல. கம்பெனியதான் சொன்னேன்."

"பில் இருக்கா?"

"இருக்கு மேடம். நாளைக்கு வேணாலும் வரேன். அவசரமே இல்ல. வீட்ல இன்னொரு ஃப்ரிட்ஜ் இருக்கு." (இல்லை என்று பிறகு தெரிந்தது.)

அன்றிலிருந்து பிடித்தது யோகம். மாவு மில் நடத்தும் ஒருவர் சண்டைக்கு வந்து கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். வக்கீல் ஒருவர் நோட்டீஸை நீட்டி, நீட்டிய வேகத்தில் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு பெண் வாஷிங் மெஷின் புகாரை மறந்து எதிரே உட்கார்ந்து, தன் மாமியாரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசி, தானும் அழுது, மனசு லேசாகிவிட்டது என்று எழுந்து போனார். மெஷின் இன்னமும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. மேனேஜர் தன் அறையிலிருந்து இதையெல்லாம் பார்த்தார். அடுத்த வாரம் முதல், பெரிய சண்டைக்காரர்கள் எல்லாரையும் ‘மூணாம் நம்பர் கவுண்ட்டருக்குப் போங்க’ என்று அவரே அனுப்பத் தொடங்கினார்.

"பத்தொம்பது வருஷம் ரூல்ஸ் பேசி தொண்டத்தண்ணி வத்துனதுதான் மிச்சம். கண்ணுத் தண்ணி அஞ்சு நிமிஷத்துல ஜெயிக்குது" என்றார் அண்ணி.

புருவ விஷயமும் இதில் கலந்துகொண்டது. கண்ணாடியில் முகம் சரியாகத் தெரியாததால் பென்சில் கோடு தினமும் ஒரு தினுசாக வந்தது. ஒரு புருவம் கேள்வி கேட்கும், இன்னொன்று அதை நம்பாது. அழுதுகொண்டே சந்தேகப்படும் ஒரு முகத்தை எந்த வாடிக்கையாளர்தான் எதிர்த்து நிற்க முடியும்?

4

மேலே ஒரு வரியை நான் வேகமாகத் தாண்டிப் போனேன். ‘கண்ணாடியில் முகம் சரியாகத் தெரியாததால்.’ அண்ணியும் இப்படித்தான் தாண்டிப் போனார். சொன்னபோதும் தாண்டினார், வாழ்ந்தபோதும் தாண்டினார்.

அவருக்குக் கண் தெரியவில்லை. இருட்டாகிவிடவில்லை. எல்லாம் இருந்தது, ஆனால் எதுவும் நிற்கவில்லை. துடைத்த உடனே இரண்டு நொடி தெளிவாக இருக்கும், பிறகு தண்ணீர்த்திரை ஏறிவிடும். எழுத்துக்கள் கால் முளைத்து நகரும். மூன்றும் எட்டும் ஒன்றாகும். இமை முடி இல்லாததால் டியூப்லைட் வெளிச்சம்கூடக் கண்ணில் குத்தியது. ஓயாமல் துடைத்துத் துடைத்துக் கண்ணோரத் தோல் புண்ணாகியிருந்தது.

வாடிக்கையாளர் கொடுக்கும் பில்லை வாங்கி, "நம்பர நீங்களே படிங்க, சரிபாக்கறேன்" என்பார். அவர்கள் படிப்பார்கள். இவர் எழுதுவார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்ட அன்று, "மருந்துல நாக்கு மரத்துப்போச்சு" என்று சொல்லிச் சமாளித்தார். அண்ணன் அந்தக் குழம்பை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதான்.

வாரா வாரம் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் நர்ஸ் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கேட்பார். வாந்தி உண்டா? காய்ச்சல்? வாய்ப்புண்? கை கால் மரத்துப்போகுதா? வேற ஏதாவது?

"ஒண்ணுமில்ல" என்று சொல்வார் அண்ணி, கன்னத்தைத் துடைத்துக்கொண்டே. நர்ஸும் அவர் அழுகிறார் என்றே நினைத்து, தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

5

இங்கேதான் எனக்குக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. நட்டு ஒன்று குறைந்தாலும் ஊரைக் கூட்டுகிற ஆள், மற்றவர்களுடைய புகாரை எழுதிப் பிழைக்கிறவர், தன் கண்ணைப் பற்றி ஏன் ஒரு புகார் கொடுக்கவில்லை? வாசகர் நம்ப மாட்டார். காரணம் வேண்டும். நானாகச் சில எழுதிப் பார்த்தேன்.

‘குடும்பத்துக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற தியாக உள்ளம்—’

"தியாகமாவது மண்ணாவது" என்றார் அண்ணி.

‘வேலை போய்விடுமோ என்ற அச்சம்—’

"எனக்கா? அந்த மேனேஜர்தான் என்னைப் பாத்துப் பயப்படணும்."

"அப்ப ஏன் அண்ணி?"

மடியில் இருந்த துணிகளை மடித்தார். எல்லாவற்றையும் மடித்து முடித்தபின், மேலே இருந்ததை எடுத்து உதறி மறுபடி மடித்தார்.

"பன்னண்டு வாரம் ஏத்தணும்னு சொன்னாங்க. இத சொன்னா மருந்த நிறுத்திட்டா? பாதியில நிறுத்தி, அது திரும்ப வந்துட்டா? கண்ணு மங்குனாலும் வீட்டுக்குள்ள தடவித் தடவி நடந்துக்கலாம். நானே இல்லன்னா உங்கண்ணன் என்ன பண்ணுவான்? சோத்துல உப்பு இருக்கா சர்க்கர இருக்கான்னு சொல்லக்கூட மாட்டான். அதான் பல்லக் கடிச்சிக்கிட்டு முடிச்சிரலாம்னு பாத்தேன்."

மடித்த துணிகளை ஓரமாக வைத்துவிட்டு, "பயம்தான். அப்படியே எழுதிக்க" என்றார்.

[எழுதிவிட்டேன். அழகான வாக்கியம் எதுவும் கிடைக்கவில்லை. தேடவும் இல்லை.]

6

எட்டாவது வாரம் ஒரு ஃப்ரிட்ஜ் புகார் வந்தது. போனில் வந்ததால் விலாசத்தை அண்ணியே எழுத வேண்டியிருந்தது. எழுதினார். மெக்கானிக் போனார். முப்பத்தெட்டாம் எண் வீட்டுக்குப் போக வேண்டியவர், காகிதத்தில் இருந்தபடி முப்பத்து மூன்றாம் எண் வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தனியாக இருந்தார். அவருடைய ஃப்ரிட்ஜில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆள் வந்திருக்கும்போது விடுவானேன் என்று ஃப்ரிட்ஜைத் துடைக்கச் சொல்லி, ஃபேனுக்கு எண்ணெய் போடச் சொல்லி, அழைப்பு மணியையும் பார்க்கச் சொல்லி, சாயங்காலம் வரை மெக்கானிக்கை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். ‘அருமையான சேவை’ என்று கம்பெனிக்குப் பாராட்டுக் கடிதமும் எழுதினார்.

முப்பத்தெட்டாம் எண் வீட்டில் இருந்தவர் நீச்சல் பயிற்சி தரும் ஒரு பெண். அவருடைய அம்மாவின் இன்சுலின் மருந்து அந்த ஃப்ரிட்ஜில் இருந்தது. மறுநாள் காலை அவர் கவுண்ட்டருக்கு வந்தார். ஈரத் தலை, கழுத்தில் விசில், குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்கிற குரல்.

"காலைல பத்து மணிக்கு வருவாங்கன்னு சொன்னீங்க. முப்பத்தெட்டாம் நம்பர் வீட்ல நான் நாள் பூரா வகுப்ப விட்டுட்டுக் காத்திருந்தேன். பக்கத்து வீட்ல ஐஸ் பெட்டி இல்லன்னா எங்கம்மா மருந்து கெட்டுப் போயிருக்கும். தெரியுமா உங்களுக்கு?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் வழக்கம்போல் இறங்கியது. மேனேஜர் தன் அறையில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அழுது ஏமாத்தாதீங்க" என்றார் நீச்சல் பயிற்சியாளர். "என்கிட்ட தினமும் நாப்பது பேரு அழறாங்க, தண்ணிக்குள்ள குதிக்க மாட்டேன்னு. இதுக்கெல்லாம் நான் மசிய மாட்டேன்."

"நான் அழல" என்றார் அண்ணி.

"பின்ன இது என்னவாம்?"

அண்ணி காகிதத்தை எடுத்துக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். மூன்று, மூன்று. துடைத்துவிட்டுப் பார்த்தார். மூன்று, மூன்று. தன் கையெழுத்துத்தான். மருந்து கெட்டிருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் உள்ளே இறங்கியது.

"எனக்குக் கண்ணு தெரியலம்மா" என்றார். "நம்பர தப்பா எழுதிட்டேன். தப்பு என்னோடது."

யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருத்தியிடம், பதினொரு பேர் வரிசையில் நிற்க, சத்தமாகச் சொன்னார்.

பயிற்சியாளர் குனிந்து, கண்ணாடித் தடுப்புக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். "எப்படித் தெரியுது? தண்ணிக்கு அடியில கண்ணத் தொறந்து பாக்கற மாதிரியா?"

"ஆமா. அதே மாதிரிதான்."

"எத்தன நாளா?"

"மூணு வாரமா. கேன்சர் மருந்து ஏத்திக்கிட்டிருக்கேன். அதுலேர்ந்து."

‘அந்தப் பெண்ணின் கண்களும் கலங்கின. அவள் அண்ணியின் கைகளை ஆதரவாகப்—’

"பொய்" என்றார் அண்ணி. "அவ அப்படிப்பட்ட ஆளே இல்ல. என்ன சொன்னா தெரியுமா? ‘கண்ணு தெரியாம எதுக்கு இங்க ஒக்காந்திருக்கீங்க? மொதல்ல டாக்டர்கிட்ட போங்க. அதுக்கு முன்னாடி என் ஃப்ரிட்ஜுக்கு ஆள் அனுப்புங்க’ன்னா. எல்லாரும் என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டாங்க. அவ ஒருத்திதான் நியாயமா திட்டுனா."

மெக்கானிக்கை அன்றே அனுப்பினார். விலாசத்தைப் பக்கத்துக் கவுண்ட்டர் பெண் எழுதினாள். பிறகு அண்ணி மேனேஜர் அறைக்குப் போய், "எனக்கு அரை நாள் லீவு வேணும்" என்றார். "நாளைக்கு ரெண்டு வக்கீல் வராங்களே மேடம்" என்று மேனேஜர் முனகியிருக்கிறார்.

7

மருத்துவமனைக்குப் போவதற்கு முன் அண்ணனிடம் சொல்ல வேண்டும். சொன்னார். அவன் அழுதான். இவருடைய கண்ணிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அந்த நேரம் பார்த்து ஏணி கடன் கேட்க வந்த எதிர்வீட்டுக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ‘ஏணி...’ என்றதோடு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிடத்தில் தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. எங்களுக்கு ஏணி இன்னிக்கு வேணும்" என்றார் அண்ணி.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா இத மொதல்லயே சொல்லல?"

"மருந்த நிறுத்திடுவீங்கன்னு."

"நிறுத்தணும்னு யார் சொன்னா? இந்த மருந்துல சில பேருக்கு இப்படி ஆகறதுதான். கண்ணுத்தண்ணி மூக்குக்கு வடியற சின்னக் குழாய் சுருங்கிடும். சீக்கிரம் சொன்னா சீக்கிரம் பாத்துடலாம். வாரா வாரம் ஏத்தறத மூணு வாரத்துக்கு ஒரு தடவையா மாத்திக் குடுக்கறேன். இன்னிக்கே கண் டாக்டரப் பாருங்க."

மூன்று வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததற்கு முடிவு ஆறு வாக்கியத்தில் வந்துவிட்டது. அண்ணிக்குக் கோபம்தான் வந்ததாம். யார் மேல் என்று சொல்லவில்லை.

கண் டாக்டர் கண்ணோரத்தில் இருந்த துளை வழியாகக் கொஞ்சம் நீரைச் செலுத்திப் பார்த்தார். மூக்குக்கு, தொண்டைக்கு இறங்க வேண்டிய நீர் திரும்பி வெளியே வழிந்தது.

"கண்ணுல கோளாறு இல்லம்மா. தண்ணி சரியாத்தான் சுரக்குது. வடியறதுக்குத்தான் வழி இல்ல."

"அப்ப மெஷின் நல்லா இருக்கு. டிரெயின் பைப் அடைப்பு" என்றார் அண்ணி.

"அதேதான்."

"இத நான் போன்லயே கண்டுபுடிச்சி சொல்லுவேனே! ‘தண்ணி வெளிய போகல’ன்னு எவனாவது சொன்னா, மெஷினத் தொடாத, பைப்பப் பாருன்னு தினமும் பத்துப் பேருக்குச் சொல்றேன்." நாற்காலியில் சாய்ந்து சிரித்தாராம். கண் டாக்டருக்கு ஊசியைப் பிடித்த கை ஆடாமல் இருக்கச் சிரமமாகிவிட்டதாம்.

8

குழாய்க்குள் மெல்லிய சிலிகோன் இழை நுழைத்து வழியைத் திறந்துவைக்க வேண்டும். அதற்கு நாள் குறித்தார்கள். நடுவில் பத்து நாள் இருந்தது. இந்தப் பத்து நாளைப் பற்றி நான் ஒரு பத்தி மட்டும் எழுதியிருந்தேன். அண்ணன் படித்துவிட்டு வருத்தப்பட்டான். "நான் பண்ணதெல்லாம் வரவே இல்லியே" என்றான். ஆகவே:

அண்ணன் கடையிலிருந்து தடித்த கறுப்பு மார்க்கர் வாங்கி வந்தான். உப்பு ஜாடியில் ‘உப்பு’ என்று எழுதினான். ஜாடியின் முன்பக்கம் ‘உ’வும் பின்பக்கம் ‘ப்பு’வும் வந்தன, அவ்வளவு பெரிய எழுத்து. படிக்கட்டு விளிம்புகளில் மஞ்சள் டேப் ஒட்டினான். கண்ணில் குத்தும் விளக்குகளைக் கழற்றி மங்கலானவற்றைப் போட்டான். பக்கவாட்டிலும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடியும், முன்னால் நீட்டிய தொப்பியும் வாங்கிக் கொடுத்தான். அண்ணி அவற்றைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால், பேரம் பேசாமல் கொடுத்தார்கள். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு, மெல்லிய பருத்தித் துணிகளை வெட்டி அறைக்கு அறை ஒரு கட்டு வைத்தான். போனைப் பேசவைக்கவும் அவன்தான் கற்றுக்கொடுத்தான். அந்த மெஷின் பெண் ‘மாமியார் மூன்று முறை அழைத்தார்’ என்பதைச் செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பாள்.

ஒரு நாள் காலையில் அண்ணி சமையலறைக்கு வந்தபோது அடுப்புக்குப் பக்கத்தில் மங்கலாக ஏதோ உயரமாக நின்றது. அதன் நெஞ்சில் ஒரு காகிதம். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் இருக்கும். கிட்டே போய், துடைத்துவிட்டுப் படித்தார்.

‘புருஷன்.’

"எதுக்குங்க இது?"

"ஒரு வேள மாத்தி எதிர்வீட்டு ஆளுக்குக் காபி குடுத்துட்டீன்னா?"

அன்றைக்கு அண்ணி வேலைக்குத் தாமதமாகப் போனார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. காரணம் கேட்டால் சிரிப்பு அடங்கவில்லை என்கிறார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

இழை வைத்து, வீட்டில் நாலு நாள் ஓய்வு. (என் சமுத்திரக் கதையை மெஷின் குரலில் கேட்டது அப்போதுதான்.) ஐந்தாம் நாள் காலை வலது கண்ணில் தண்ணீர் நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கொடியில் இருந்த கிளிப்புகளை எண்ணினாராம். பதினேழு. மறுபடி எண்ணினார், பதினேழுதான். அண்ணனைக் கூப்பிட்டு அவனையும் எண்ணச் சொன்னார்.

"பதினேழு" என்றான் அண்ணன்.

"அப்ப நீங்க அழுதீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

"எழுதறதுக்கு உனக்கு அது ஒண்ணுதானா தெரியும்?" என்றார்.

9

இடது கண் அவ்வளவு சுலபமாக வழிக்கு வரவில்லை. அந்தப் பக்கக் குழாய் உள்ளேயே ஒட்டிப்போயிருந்தது. இழை பாதி தூரம்தான் போனது. மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் போயிருக்கலாம் என்று கண் டாக்டர் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. அண்ணியும் சாக்குச் சொல்லவில்லை. இப்போது மருந்து முடிந்துவிட்டது. அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து. வலது கண்ணால் பில்லைப் படிக்கிறார். இடது கண்ணிலிருந்து மட்டும் கோடு போட்டதுபோல் தண்ணீர் இறங்குகிறது.

கண்ணோரத்திலிருந்து மூக்குக்குப் புதிதாக ஒரு வழி செய்து, அதில் சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்தலாம். ஆனால் அதை ஆயுளுக்கும் பராமரிக்க வேண்டும். தும்மும்போது கண்ணை மூடிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குழாய் வெளியே வந்துவிடலாம். செய்யாவிட்டால் பார்வைக்கு ஆபத்தில்லை, ஒற்றி எடுத்துக்கொண்டே காலம் தள்ளலாம். "யோசிச்சு வெள்ளிக்கிழம சொல்லுங்க" என்று டாக்டர் அனுப்பியிருக்கிறார்.

இன்று திங்கட்கிழமை. கதையை முடித்தாக வேண்டும். மூன்று முடிவுகள் தயாராக இருந்தன.

முதல் முடிவு: அறுவை செய்துகொள்கிறார். இரண்டு கண்ணும் தெளிகின்றன. பழைய கறார் திரும்பி வருகிறார். வரிசை நடுங்குகிறது.

இரண்டாவது முடிவு: வேண்டாம் என்கிறார். வலது பக்கம் சட்டம், இடது பக்கம் கருணை என்று பிரித்துக்கொள்கிறார். சண்டைக்காரர்களை இடது பக்கமாக உட்காரவைக்கிறார். மேனேஜர் அவர் பெயரில் ஒரு விருது அறிவிக்கிறார்.

மூன்றாவது, எங்களைப் போன்றவர்கள் வழக்கமாகச் செய்வது: ‘வாசகர்களே, வெள்ளிக்கிழமை அண்ணி என்ன சொல்லப் போகிறார்? முடிவு உங்கள் கையில்.’

எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது. அச்செடுத்துக்கொண்டு பதினொரு மணிக்கு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். இரண்டு டோக்கன்களுக்கு நடுவே அண்ணி படித்தார். போன் இல்லை, மெஷின் குரல் இல்லை. இடது கண்ணைத் துணியால் ஒற்றிக்கொண்டு, வலது கண்ணால், விரலை வரிவரியாக நகர்த்திப் படித்தார். ‘புருஷன்’ வந்த இடத்தில் தோள் குலுங்கியது. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"இது என்ன? முடிவு வாசகர் கையில?"

"அது ஒரு உத்தி அண்ணி. அவங்களே யோசிச்சுக்கட்டும்னு..."

"எதுக்கு அவங்க யோசிக்கணும்? அவங்களா தும்மும்போது கண்ணப் புடிச்சிக்கப் போறாங்க? கண்ணு என்னுது. முடிவும் என்னுது."

"அப்ப என்னதான் முடிவு?"

"வெள்ளிக்கிழம டாக்டர்கிட்ட சொல்லுவேன். உங்கண்ணன்கிட்டகூட இன்னும் சொல்லல. உனக்கும் உன் வாசகருக்கும் முன்னாடியே சொல்லணுமாக்கும்?"

ஆகவே, வாசகர்களே, உங்களுக்குத் தருவதாக இருந்ததைத் தர முடியவில்லை. கேட்டுப் பார்த்தேன், கொடுக்க மாட்டேன் என்கிறார். எனக்காவது தெரியுமா என்றால் எனக்கும் தெரியாது.

அண்ணி மணியை அழுத்தினார். டோக்கன் நாற்பத்தாறு. ஒருவர் மேஜை ஃபேன் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நான் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தேன்.

"பேப்பர எடு" என்றார் அண்ணி. "ஃபேன் வைக்க எடம் வேணும்."